வாங்காதவர்கள் நோட்டு

நான் இன்சூரன்ஸ் முகவர். என்னிடம் பாலிசி எடுத்தவர்களின் விவரம் கம்பெனிக் கணினியில் இருக்கிறது. எடுக்காதவர்களின் விவரம் என் நோட்டில் மட்டும்தான். பக்கத்துக்கு ஒருவர். மேலே, சந்தித்த அன்று அவர் சொன்ன காரணம். கீழே, பிறகு எப்போதாவது தெரியவந்த காரணம். நிறைய பக்கங்களில் கீழ்ப்பாதி காலியாகவே கிடக்கிறது. நிரம்பிய பக்கங்களில் மேலே எழுதியதும் கீழே எழுதியதும் ஒத்துப்போவது அபூர்வம்.

மேல்பாதி எழுதச் சுலபம். சுற்றிச் சுற்றி மூன்றே வாசகங்கள்தான். “யோசிச்சுச் சொல்றேன்.” “பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே.” “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.” இந்த மூன்றுக்கும் பயிற்சி வகுப்பிலேயே பதில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யோசிக்கிறேன் என்றால், “எதை யோசிக்கிறீங்க சார், பிரீமியத்தையா, கம்பெனியையா, என்னையா?” என்று மடக்க வேண்டும். ஜாஸ்தி என்றால் வருடப் பிரீமியத்தை நாள்கணக்கில் வகுத்து, “ஒரு நாளைக்கு இவ்வளவுதானே” என்று காட்ட வேண்டும். வீட்டில் கேட்கிறேன் என்றால், “குடும்பத்தைக் காப்பாத்தக் குடும்பத்துக்கிட்டயே பர்மிஷனா?” இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரில் இருப்பவரையும் அவர் மனைவியையும் ஒரே வாக்கியத்தில் மட்டம்தட்டிவிட்டு, அவரிடமே கையெழுத்துக் கேட்கிற தைரியம் எனக்கு வராது.

இந்தப் பதில்களால் விற்பனை நடக்காது என்று சொல்லவில்லை. நடக்கும். மடக்கினால் சிலர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் பல நாடுகளில், பாலிசி கைக்கு வந்தபிறகு படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் உண்டு. விவரம் தெரிந்தவர் அதைப் பயன்படுத்திக்கொள்வார். தெரியாதவர் ஒன்றிரண்டு பிரீமியம் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார். இரண்டையுமே நான் கைவிட்டுப்போன விற்பனையாகத்தான் நோட்டில் எழுதுகிறேன். கொஞ்சம் தாமதமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

முகவராவதற்கு முன் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தேன். அதனால் இந்தத் தொழிலின் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஆயுள் காப்பீட்டில் இறப்பு க்ளெய்முக்கு வந்து நிற்பவர்களில் யாருமே அந்தப் பாலிசியை எடுத்தவர் இல்லை. எடுத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார். மனைவியோ மகளோ தம்பியோ ஒரு பிளாஸ்டிக் கவரில் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். பணம் கட்டியவர், தான் கட்டியதற்குப் பலன் வந்ததா என்று பார்க்கவே போவதில்லை. வருடக்கணக்காகப் பிரீமியம் கட்டி, தான் இல்லாத ஒரு நாளில் வேறு யாரோ தன் குடும்பத்துக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுவார்கள் என்று நம்ப வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால், “பிரீமியம் ஜாஸ்தி” என்று ஒருவர் சொன்னால் அவர் பிரீமியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இதை எனக்கு அழுத்தமாகப் புரியவைத்தவை இரண்டு ஆய்வுக் கட்டுரைகள். டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய, பொருளாதாரம் படித்தவர்கள் எல்லாரும் அறிந்த கட்டுரை ஒன்று. அதில் ஒரு விநோதமான கற்பனைப் பாலிசி வருகிறது. பாதிப் பிரீமியம் கட்டினால் போதும். சேதம் நேர்ந்தால், 50 சதவீத வாய்ப்பில் மீதிப் பாதியை வாங்கிக்கொண்டு முழு நஷ்டத்தையும் ஈடுகட்டுவார்கள். மற்ற 50 சதவீத வாய்ப்பில், கட்டிய பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நஷ்டத்தை உங்கள் தலையிலேயே விட்டுவிடுவார்கள். இப்படி ஒன்று இருந்தால் எடுப்பீர்களா என்று மாணவர்களைக் கேட்டபோது 80 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

பீட்டர் வாக்கர், ரிச்சர்ட் தேலர், ட்வெர்ஸ்கி ஆகிய மூவர் பெயரிலும் 1997இல் வந்த கட்டுரை இன்னும் நேரடியானது. க்ளெய்ம் கிடைக்காமல் போக 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றால், அதற்கு ஈடாகப் பெரும்பாலானவர்கள் பிரீமியத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கச் சொன்னார்கள். வெறும் கணக்குப் போட்டால், 1 சதவீதச் சந்தேகத்துக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம் குறைத்தால் போதும். மனித மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நிம்மதிக்காக வாங்குகிற ஒன்றில் துளிச் சந்தேகம் கலந்தாலும் அதன் மதிப்பு மளமளவென்று சரிந்துவிடுகிறது.

நான் சந்திக்கிறவர்கள் மனதில் இருக்கும் சந்தேகம் 1 சதவீதத்தில் நிற்பதும் இல்லை. “கடைசியில குடுப்பாங்களா?” என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பிரீமியத்தைப் பார்க்கிறவருக்கு அது ஜாஸ்தியாகத்தான் தெரியும். அவரிடம் போய் நாள்கணக்கில் வகுத்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? சந்தேகம் அப்படியே இருக்க, பிரீமியத்தை மட்டும் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டினதுதான் மிச்சம்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு தம்பி. மேல்பாதியில் “ஜாஸ்தி” என்று எழுதியிருந்தேன். தொகையைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கும் “இல்லக்கா, பார்க்கலாம்” என்றே முடித்துவிட்டார். மாதங்கள் போனபிறகு ஒருநாள் பேசும்போது கீழ்ப்பாதி நிரம்பியது. அவருடைய சித்தப்பா இறந்தபோது க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. சித்தப்பா ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். படிவத்தை நிரப்பிய முகவர், உடல்நலக் கேள்விகள் அத்தனைக்கும் வரிசையாக ‘இல்லை’ என்று போட்டுவிட்டு, சித்தப்பாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார். வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு எழுந்தால் சித்தி எழுந்து உள்ளே போய்விடுவாராம்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி?” என்றேன்.

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட உங்க தொழிலே இப்படித்தான்னு எப்படிக்கா சொல்றது?”

மரியாதைக்காகச் சொல்லப்படும் பொய்க் காரணம் என்று ஒன்று உண்டு. நம் மனம் நோகக் கூடாதே என்று சொல்வது அது. அதைப் போய் ஆட்சேபணை என்று பெயர் வைத்து, பதில் சொல்லி வெல்லப் பார்க்கிறோம். வென்றாலும் அந்தச் சித்தி எழுந்து உள்ளே போவது நிற்கப்போவதில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் பேசும் வரிசையே மாறிவிட்டது. பாலிசியின் பலன்களைச் சொல்வதற்கு முன்னால், எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பதை ஒரு தாளில் என் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். அச்சிட்ட பிரசுரத்தில் அது இருக்கும்தான். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். கையால் எழுதினால் நானும் ஒவ்வொன்றையும் விளக்கியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு என்றால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு, அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, எந்தச் சிகிச்சைகள் பட்டியலிலேயே இல்லை. ஆயுள் காப்பீடு என்றால், ஆரம்பக் காலத் தற்கொலை பற்றிய விதி, உண்மையை மறைத்தால் என்ன ஆகும், பிரீமியம் கட்டத் தவறினால் எத்தனை நாள் பொறுப்பார்கள். அப்புறம் க்ளெய்ம் படிவத்தையே எடுத்து மேசையில் வைக்கிறேன். எந்தெந்தக் காகிதம் வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும், நாமினி யாரை அழைக்க வேண்டும். இன்னும் வாங்காத பாலிசிக்கு க்ளெய்ம் படிவமா என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் கவனித்திருக்கிறேன், அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட அந்தப் படிவத்தைக் கையில் வாங்கிப் படிப்பார்.

இதனால் விற்பனை கூடிவிட்டது என்று சொன்னால் என் சக முகவர்கள் கேட்கத் தயாராக இருப்பார்கள். உண்மை அவ்வளவு நேர்கோடு இல்லை. விலக்குகளைப் படித்ததும் “அப்ப வேண்டாம்” என்று எழுந்து போனவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்தில் மேலும் கீழும் ஒரே காரணம் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

கீழ்ப்பாதியை நிரப்புவது எப்படி என்று புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள். முதல் விதி, உடனே கேட்கக் கூடாது. “வேண்டாம்” சொன்ன சூட்டில் “ஏன்?” என்று கேட்டால், சொன்ன பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்யைத்தான் அவர் தேட வேண்டும். வேறு இடத்தில் வாங்கி முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த யோசனையே ஆறிப்போயிருக்க வேண்டும். அதுவரை பொறுக்க வேண்டும். இரண்டாவது, “ஏன் வாங்கலை?” என்பது கேள்வியே இல்லை, அது குற்றச்சாட்டு. “அன்னைக்கு நாம பேசினதுல எந்த இடத்துல உங்களுக்கு மனசு நின்னுபோச்சு?” என்று கேட்பேன். இடத்தைக் கேட்டால் மனிதர்கள் யோசித்து இடத்தைச் சொல்கிறார்கள். காரணத்தைக் கேட்டால் சமாளிக்கிறார்கள்.

மூன்றாவதுதான் கஷ்டம். கூப்பிட்டதும், “எதையும் விக்கிறதுக்காகப் பேசலை” என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் அதில் நிற்க வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும்போது எதிர்முனையில், “சரி, அப்ப அந்த பாலிசியைப் போட்டுடலாமா?” என்று கேட்பார்கள். அன்றைக்குப் போடக் கூடாது. “இன்னொரு நாள் நீங்களே கூப்பிடுங்க, அப்ப பேசலாம்” என்று வைத்துவிடுகிறேன். மாதக் கடைசியில், டார்கெட் கழுத்தை நெரிக்கும்போது இப்படிச் சொல்வது எப்படி இருக்கும் என்று முகவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அழைப்பு தந்திரம் இல்லை என்று எதிரில் இருப்பவர் நம்புவதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கீழ்ப்பாதியில் அடிக்கடி வரும் இன்னொரு விஷயம் உடல்நலம். யாருமே மேல்பாதியில் இதைச் சொன்னதில்லை. படிவத்தில் இருக்கும் கேள்விகள் அப்படிப்பட்டவை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், புகைப்பீர்களா, குடிப்பீர்களா, மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா. இவற்றை ஒரு வீட்டின் கூடத்தில், மாமனாரும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சத்தமாக வாசித்தால் என்ன பதில் வரும்? ஒன்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. இல்லையென்றால், “யோசிச்சுச் சொல்றேன்.” யோசிக்கிறேன் என்பவர்தான் இரண்டு பேரில் நேர்மையானவர் என்று நினைக்கிறேன். பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக எழுந்து போகிறார். பயிற்சி வகுப்பில் அவரைத்தான் மடக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும் என்ற சட்டக் கொள்கைக்கு மூலம் என்று 1766ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்வார்கள். கார்ட்டர் எதிர் போயெம் வழக்கு, தீர்ப்பளித்தவர் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு பிரபு. சுமத்ராவில் மார்ல்பரோ கோட்டையின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் கார்ட்டர், கோட்டையை அந்நிய எதிரி பிடித்துவிட்டால் ஈடு கிடைக்கும்படி காப்பீடு எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்று சொல்லி, காப்பீடு கொடுத்த போயெம் பணம் தர மறுத்தார்.

முக்கியமான உண்மையை வாடிக்கையாளர் மறைக்கக் கூடாது என்று மான்ஸ்ஃபீல்டு சொன்னதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். அந்த வழக்கில் வென்றது யார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வென்றவர் கார்ட்டர். ஒரு கோட்டையின் ஆளுநர் அதன் பலவீனத்தை ஊருக்குச் சொல்ல முடியாது என்று போயெமுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போர் நடப்பதும் தெரிந்ததுதான். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு வந்தபிறகு “நீ சொல்லவில்லை” என்று சொல்ல முடியாது. ஒளிக்கக் கூடாது என்ற கடமை இரு பக்கமும் உண்டு என்பதும் அதே தீர்ப்புதான். அதற்குப் பிறகு வெவ்வேறு நாடுகளில் சட்டம் வெவ்வேறு விதமாக வளர்ந்துவிட்டது, அது வேறு கதை. சித்தப்பாவின் படிவத்தை நினைத்தால் எனக்குப் போயெம்தான் ஞாபகத்துக்கு வருகிறார். சரியாகக் கேட்டிருக்க வேண்டிய ஆள் கேட்கவில்லை.

இப்போது உடல்நலக் கேள்விகளைத் தனியாகத்தான் கேட்கிறேன். வீட்டில் முடியாவிட்டால் போனில். படிவத்தை நான் நிரப்புவதில்லை. அவர் கையால் எழுத வேண்டும், அல்லது அவரே திரையில் தட்ட வேண்டும். “உண்மையைச் சொன்னா பிரீமியம் கூடலாம், ரிஜெக்ட்டும் ஆகலாம். பொய் சொன்னா இன்னைக்குப் பாலிசி கிடைக்கும், பின்னாடி வீட்டுல இருக்கிறவங்களுக்குப் பணம் கிடைக்காமப் போகலாம்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பது முக்கியம். அந்த மௌனத்தில்தான் பல மாத்திரைகளின் பெயர்கள் வெளியே வந்திருக்கின்றன.

உண்மையைச் சொன்னதால் கம்பெனியே நிராகரித்த பக்கங்களும் நோட்டில் உண்டு. அந்தச் செய்தியைச் சொல்லப் போகும்போதெல்லாம் ஜேம்ஸ் டாட்ஸனை நினைத்துக்கொள்வேன். 18ஆம் நூற்றாண்டு லண்டன் கணித ஆசிரியர். அப்போதிருந்த அமிக்கபிள் சொசைட்டி என்ற ஆயுள் காப்பீட்டுச் சங்கம் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் அவரையும் சேர்க்கவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. வயதுக்குத் தக்க பிரீமியம் வாங்கினால் யாரையும் சேர்க்கலாமே என்று கணக்குப் போட்டார். 1757இல் இறந்துவிட்டார். அவர் கணக்கின் அடிப்படையில் 1762இல் ஈக்விட்டபிள் சொசைட்டி தொடங்கியது. வயதுக்கேற்ற பிரீமியம் என்ற இன்றைய முறை அந்த வழியில் வந்ததுதான். ஒரு சங்கம் இழந்த வாடிக்கையாளர்! நிராகரிக்கப்பட்டவரிடம் இந்தக் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது, அது வேறு விஷயம். அவருக்கு வேறு கம்பெனியில் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன். எனக்கு அதில் கமிஷன் இல்லை.

கமிஷன் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆயுள் பாலிசிகளில் முகவருக்கு முதல் வருடம் அதிகமும் பிறகு குறைவாகவும் கிடைக்கும். சேமிப்பு கலந்த பாலிசியில் பிரீமியம் பெரியது என்பதால் எனக்கு வருவதும் பெரியது. சேமிப்பு இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் வெறும் டேர்ம் பாலிசியில் சொற்பம். இதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு, “அப்ப ஏன் டேர்ம் எடுக்கச் சொல்றீங்க?” என்று ஒருவர் கேட்டார். அன்றைய உரையாடல் அங்கேதான் ஆரம்பித்தது.

பணக்கஷ்டம் இன்னொரு வகை. “ஜாஸ்தி” என்பது சில சமயம் நிஜமாகவே ஜாஸ்திதான். என்ன, அதைச் சொல்கிற விதத்தில் ஒரு வீம்பு இருக்கும். “இதெல்லாம் எனக்கு எதுக்கு?” என்பார்கள். நல்ல மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். வருடத்திலேயே கை ரொம்பவும் இறுகியிருக்கும் மாதத்தில், யாரிடமும் கடன் வாங்காமல் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்கிறேன். பலரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உண்மையான தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் வருவதைத்தான் எழுத வேண்டும். அதற்கு மேல் எழுதினால் பிரீமியம் கட்ட முடியாமல் பாலிசி காலாவதியாகிவிடும், அதாவது லேப்ஸ் ஆகும். லேப்ஸ் ஆனவர் சும்மா போகமாட்டார். தன்னைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரிடமும், “கட்டின காசு போச்சு” என்று சொல்வார். நியாயமாகத்தான் சொல்வார்.

கட்டின காசு போச்சு என்ற பேச்சுக்கு வயது நிறைய. அமெரிக்கரான எலைசர் ரைட் 1844இல் லண்டனுக்குப் போயிருந்தபோது, ராயல் எக்ஸ்சேஞ்சில் வயதானவர்களின் ஆயுள் பாலிசிகள் ஏலம் விடப்படுவதைப் பார்த்தார். பிரீமியம் கட்ட முடியாமல் போனவர்களுக்குக் கம்பெனி எதையும் திருப்பித் தராத காலம். அதனால் இருக்கிற பாலிசியை வந்த விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு, அந்தக் கிழவர் சீக்கிரம் செத்தால் லாபம். ரைட் அடிமைமுறை ஒழிப்புக்காகப் பாடுபட்டவர். அந்த ஏலம் அவருக்கு எதை நினைவூட்டியது என்று விளக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போராடினார். கம்பெனிகள் போதிய கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று 1858இல் சட்டம் வந்தது, அவரே காப்பீட்டு ஆணையராகவும் ஆனார். இடையில் பிரீமியம் நின்றாலும் கட்டியதெல்லாம் அடியோடு பறிபோகக் கூடாது என்ற சட்டம் 1861இல் வந்தது. பாலிசியை இடையில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகையை இன்று நாம் சரண்டர் மதிப்பு என்று சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் அந்த மனிதரின் கோபம் இருக்கிறது.

அப்படியிருந்தும், பல பாலிசிகளில் முதல் சில வருடங்களில் நிறுத்தினால் கிடைப்பது ஒன்றுமில்லை, அல்லது மிகக் கொஞ்சம். டேர்மில் திரும்பி வர எதுவுமே இல்லை. இதையும் அந்தக் கையெழுத்துத் தாளில் எழுதிவிடுகிறேன்: எந்த வருடம் நிறுத்தினால் கையில் என்ன வரும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே. இந்தத் தாளைப் பார்த்து ஒரு மேலதிகாரி, “நீங்க கம்பெனிக்கு வேலை பார்க்கிறீங்களா, கஸ்டமருக்கா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. க்ளெய்ம் மேசையில் உட்கார்ந்து பார்த்தவராக இருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

“வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” மட்டும்தான் மூன்றிலும் ஓரளவு நிஜம். அதற்கு நான் செய்வது ரொம்ப எளிது: முதலிலேயே, “வீட்டுல இருக்கும்போது வரேன்” என்று சொல்லிவிடுவது. நாமினியாக வரப்போகிறவர் இல்லாமல் பேச உட்காருவதில்லை. க்ளெய்ம் படிவத்தோடு ஒருநாள் நிற்கப்போவது அவர். அவருக்கு என் முகமும் பாலிசி இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் கணவர் ரைடர்களை, அதாவது பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பலன்களைப் பற்றி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்தப் பணம் வந்தா அதுல இவரோட கடன்காரங்க கை வைக்க முடியுமா?” எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன், அதைவிட நல்ல கேள்வியைக் கேட்டதில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவந்து சொன்னேன். கடன்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும் என்பதே கணவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது. அவர்கள் வாங்கவில்லை. கீழ்ப்பாதியில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

இந்த நோட்டினால் இன்னொரு தெளிவும் வந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் பாடம் இல்லை. சிலருக்கு உண்மையிலேயே தேவை இல்லை: சார்ந்திருப்பவர்கள் யாரும் இல்லை, சொத்து போதும், அலுவலகக் காப்பீடு நன்றாக இருக்கிறது. சிலருக்கு நான் பிடிக்கவில்லை. ஒருவர் அதை நேராகவே சொன்னார், என் குரல் ஒத்துவரவில்லையாம். சிலர் மைத்துனருக்குக் கொடுக்க வேண்டும். மைத்துனர் முகவராக இருக்கும் வீட்டில் எந்தக் கட்டுரையும் எந்தத் தாளும் எடுபடாது. அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்: படிவத்தை மைத்துனரை நிரப்ப விடாதீர்கள்.

இப்போது என் கையில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. பள்ளி வேன் ஓட்டுபவர். முதல் சந்திப்பில் “யோசிச்சுச் சொல்றேன்.” மாமனார் கூடத்திலேயே இருந்தார், நான் உடல்நலக் கேள்விகளுக்குப் போகாமலே எழுந்து வந்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து நான் கூப்பிட்டபோது, எந்த இடத்தில் மனசு நின்றது என்று கேட்டதற்குச் சிரித்தார். “அந்தப் படிவத்துல சர்க்கரை இருக்கான்னு ஒரு கேள்வி வருமேக்கா, அது தெரியும் எனக்கு. வேலை போயிடுமோன்னு யார்கிட்டயும் சொல்லலை.” காப்பீட்டுப் படிவம் அவருடைய முதலாளிக்குப் போகாது என்பதைச் சொன்னேன். வண்டி ஓட்டுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன ஆகும், அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் இதை மருத்துவரிடம் உடனே பேசியாக வேண்டும் என்பதையும் சொன்னேன். அன்று பாலிசி பற்றிப் பேசவில்லை.

போன வாரம் அவரே கூப்பிட்டார். மருத்துவரைப் பார்த்துவிட்டாராம், மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கிறது. வேறொரு கம்பெனி பாலிசியை நண்பர் ஒருவர் காட்டியிருக்கிறார், அது எப்படி என்று கேட்டார். அனுப்பச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். எங்களுடையதைவிட அதில் சர்க்கரை நோயாளிகளுக்கான விதிகள் தெளிவாக இருக்கின்றன, பிரீமியமும் கூடுதலில்லை. அதையே எடுக்கச் சொல்லிவிட்டேன். உடல்நலப் பகுதியை அவர் கையால் நிரப்பி, அனுப்புவதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரையின் பெயரும் அளவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும்.